இரட்டைப் பூட்டு

மேடையில் ஒன்பது பேர். எதிரே முப்பத்திரண்டு நர்ஸ்கள். பின்னால் தொங்கிய பேனரில் ஒன்பது பேருக்கும் படம் போட்டிருந்தார்கள். நர்ஸ்களுக்குப் படம் கிடையாது. 'பயனாளிகள்' என்று ஒரு சொல் கிடைத்தது. 'செவிலியர்களுக்கான வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சைப் பயிற்சி முகாம்' என்பது கொட்டை எழுத்தில். 'ஒரு நாள்' என்பது பொடி எழுத்தில். அந்த அளவுக்காவது கூச்சம் மிச்சமிருந்தது.

ஊர்ப்பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத் தலைநகரை நினைத்துக்கொண்டாலும் பொருந்தும். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய முகாம், சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேர்ந்த பத்து ஐம்பதுக்குத் தொடங்கியது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம், ஏற்றுவதற்கு ஒன்பது கை; அந்தக் கணக்கைத் தீர்ப்பதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு பொன்னாடை. பிறகு வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. நர்ஸ்களைத் தாய் என்றார்கள், தெய்வம் என்றார்கள், வெள்ளுடை தேவதைகள் என்றார்கள். பத்திரிகைக்காரன் என்று எனக்குக் கொடுத்த இலவச நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். 'தேவதை' பதினேழு முறை. 'சம்பளம்' ஒரு முறைகூட இல்லை. 'லீவு' ஒரு முறைகூட இல்லை. 'மார்ஃபின்' என்ற சொல் பன்னிரண்டே முக்காலுக்குப் பாடம் ஆரம்பித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது.

மதியம் எழுபத்தெட்டு ஸ்லைடுகள் ஓடின, அத்தனையும் இங்கிலீஷில். வாயில் புண்ணோடு கிடக்கும் ஒரு கிழவியிடம் எந்தத் தமிழில் என்ன பேசுவது என்று ஒன்றிலும் இல்லை. முகாமுக்கு முன் ஒரு தேர்வு, முகாமுக்குப் பின் ஒரு தேர்வு, இரண்டுக்கும் அதே பத்துக் கேள்விகள். இரண்டாவது முறை விடையை மைக்கிலேயே வாசித்துவிட்டார்கள். எல்லோரும் தேறினார்கள். நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்த ஒரு பெண் மூன்றாவது வரிசையில், தூணில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த முகாமில் உண்மையாகவே வலி நிவாரணம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

நாலு மணிக்கு சான்றிதழ், குழுப்படம். மறுநாள் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் இலக்கு 32, எய்தியது 32, நூறு சதவீதம். நோயாளிகளின் வலி எத்தனை சதவீதம் குறைந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாததை எந்த அரசு ஊழியர் நிரப்புவார்?

யாரை முகாமுக்கு அனுப்புவது என்று வார்டில் எப்படி முடிவாகிறது என்பதையும் விசாரித்தேன். புற்றுநோய் வார்டு நர்ஸை அனுப்ப முடியாது. அவர் போனால் அங்கே ஆள் இல்லை. ஆகவே கண் வார்டு நர்ஸ் வருவார். ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும் மூத்த சிஸ்டர் வருவார். இன்சார்ஜுக்குப் பிடிக்காதவர் வருவார். யாருக்கு இந்தப் பாடம் உயிர்த்தேவையோ, அவரைத் தவிர மற்ற எல்லோரும் வருவார்கள்.

இதற்கு மேல் புள்ளிக் கணக்கு வேறு. நர்ஸாகப் பதிவுசெய்தவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரம் தொடர்கல்வி கற்றிருக்க வேண்டும் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி. நல்ல விதி. கற்றுக்கொண்டே இருக்காத நர்ஸ் கையில் யார் உடம்பைக் கொடுப்பார்கள்? ஆனால் நல்ல விதியை நாம் என்ன செய்வோம் என்று நமக்குத் தெரியும். மணிக்கணக்கு வந்த இடத்தில் மணி வியாபாரமும் வந்துவிட்டது. பணம் கட்டினால் லிங்க் வரும். ரசம் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, இடையிடையே 'பிரசெண்ட்' போட்டால் போதும். அந்த நர்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு ரசமும் வேண்டும், புள்ளியும் வேண்டும். அவருக்கு நேரத்தைக் கொடுக்காமல் நேரத்தைக் கணக்குக் கேட்கிறவர்களைத்தான் குறை சொல்வேன்.

சரி, உண்மையான பயிற்சி என்றால் எப்படி இருக்கும்? அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்கு இன்னொரு மெமோ வரும். அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ், பதினோரு வருட சர்வீஸ். சொந்தக் காசில், சம்பளமில்லா விடுப்பில், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கோழிக்கோட்டுக்குப் போய் ஆறு வாரம் ஆதரவு சிகிச்சை படித்துவிட்டு வந்தார்.

அங்கே ஸ்லைடு குறைவு, கட்டில் அதிகம். வலி வந்த பிறகு மாத்திரை கொடுப்பதல்ல, வலி வருவதற்கு முன்பே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து மார்ஃபின் கொடுப்பது என்று கற்றார். மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றார். இல்லாவிட்டால் ஒரு வேதனையைத் தணித்து இன்னொன்றைக் கொடுத்ததாக ஆகும். அழுகிய புற்றுப்புண்ணின் நாற்றத்துக்கு, எந்த அரசு மருந்தகத்திலும் கொட்டிக்கிடக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் சில நாளில் வாடை அடங்கும் என்று கற்றார். வாடை அடங்கினால் பேத்தி பக்கத்தில் வந்து உட்காருவாள். விழுங்க முடியாதவருக்குத் தோலுக்கடியில் பட்டாம்பூச்சி ஊசி வைத்து மருந்து ஏற்றவும், கடைசி நேரத்துத் தொண்டைக் கரகரப்பைப் பார்த்துப் பதறும் குடும்பத்துக்கு அது என்னவென்று சொல்லவும் கற்றார். "எனக்கு என்ன வியாதி சிஸ்டர்?" என்று நோயாளி கேட்கும்போது, டிரிப் பாட்டிலைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரக் கற்றார். அதுதான் இருந்ததிலேயே கஷ்டமான பாடம் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே, தன் தலைக்குள் இருந்த ஒரு பேயை ஓட்டக் கற்றார். "மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் போய்டுவாங்கன்னுதான் சார் நானும் நெனச்சிட்டிருந்தேன். பதினோரு வருஷமா." அவர் மட்டுமா? வார்டில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், டாக்டர்கள் உட்பட. முறையாகக் கொடுத்தால் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. கற்றுத்தராமல் விட்டதால்தான் ஆட்கள் கதறிக்கொண்டு செத்தார்கள். ஆகவே, பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம்.

திரும்பி வந்தார். ஒரு இரவு. வார்டில் நாற்பத்தாறு பேர், நர்ஸ் இவர் ஒருவர். கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது கவுன்சிலின் அளவுகோல். அந்தத் தாள் அலுவலகத்தில் எங்கோ பத்திரமாக இருக்கிறது. கடைசிக் கட்டிலில் வாய்ப்புற்று முற்றிய ஒரு கொத்தனார். கன்னத்தை அரித்துப் புண் வெளியே வந்துவிட்டது. வாடை தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். பெண்டாட்டி மட்டும் துண்டால் மூக்கைப் பொத்தாமல், அதே துண்டால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏதாச்சும் பண்ணும்மா. கையெடுத்துக் கும்பிடுறேன்."

வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டார். கொத்தனார் பத்து விரலையும் விரித்தார்.

புண்ணுக்கு மாத்திரை பொடித்துத் தூவினார். அது தன் அதிகாரத்துக்குள் வருமா என்றுகூட யோசிக்கவில்லை. வலிக்கு? கேஸ் ஷீட்டில் டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தது. சாதாரண உடம்புவலிக்குப் போடும் ஊசி. பத்து விரல் விரித்தவருக்கு அது எதற்கு? வாய்வழி மார்ஃபின் மாத்திரை அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. ஆபரேஷன் தியேட்டருக்கென்று மார்ஃபின் ஊசி உண்டு. அது இரும்பு அலமாரியில், இரட்டைப் பூட்டில். ஒரு சாவி ஒருவரிடம், இன்னொரு சாவி இன்னொருவரிடம், இருவரும் வீட்டில். டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டார். "காலைல ரவுண்ட்ஸ்ல பாத்துக்கலாம் சிஸ்டர்." காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆதரவு சிகிச்சை என்ற படிப்பு முழுவதும் தொடங்குவதே அந்த வாக்கியத்துக்கு அடுத்த வரியில்தான். நம் ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் ஷீட் தொடங்குகிறது. வீட்டுக்குப் போன நாலாம் நாள் அவர் இறந்தார்.

"படிக்காமயே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன் சார்" என்றார் அந்த நர்ஸ். தெரியாதவரின் கையாலாகாத்தனம் இரவோடு போய்விடும். தெரிந்தவருக்கு அது வீடுவரை கூட வரும்.

அந்தப் பூட்டு வந்த கதை 1985இல் ஆரம்பிக்கிறது. போதை மருந்துகளை ஒடுக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மார்ஃபின் வைத்திருக்க ஏகப்பட்ட உரிமங்கள். எழுத்துப் பிழை ஏற்பட்டாலும் சிறைப் பயம். கடத்தல்காரன் வழக்கம்போல் கடத்தினான். ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் பயந்துபோய் மார்ஃபினைக் கை கழுவின. அடுத்த பத்துப் பதின்மூன்று ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஒரு தலைமுறை டாக்டர்களும் நர்ஸ்களும் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தார்கள்.

இதே நாட்டில்தான், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசே உரிமம் கொடுத்துக் கசகசாச் செடி வளர்க்கிறது. காயைக் கீறி வடித்த பாலை அரசே வாங்குகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை நடத்துகிறது. அபினை வெளிநாட்டுக்கும் விற்கிறது. உலகத்தின் வலிக்கு மூலப்பொருள் அனுப்பும் நாட்டில், தேவைப்படும் வலி மருந்தில் 4 சதவீதம்தான் நோயாளிகளுக்குக் கிடைக்கிறது என்று லான்செட் ஆணையம் 2017இல் கணக்குச் சொன்னது. சாவின் தரம் பற்றி 2010இல் 40 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள்; நாம் நாற்பதாவது. 2015இல் 80 நாடுகளை எடுத்தார்கள், நாம் 67. நமக்குக் கீழே இன்னும் பதின்மூன்று நாடுகள் இருக்கின்றன என்று அப்போது யாராவது கேக் வெட்டியிருக்கக்கூடும்.

ஆதரவு சிகிச்சைக்காக இயங்கும் பாலியம் இந்தியா அமைப்பின் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் படியேறியதில் 2014இல் அந்த 1985 சட்டம் திருத்தப்பட்டது. அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று ஒரு வகை பிறந்தது; பல உரிமங்கள் போய் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி இன்னும் கோயிலைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு டாக்டர் பொறுப்பேற்க வேண்டும், ஒருவர் கணக்கு வைக்க வேண்டும். நமக்கு ஏன் வம்பு என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்க்கிறார்கள். ஆகவே, இன்றைய நிலவரத்தை அப்படியே நேர்மையாக எழுதி ஒரு சுற்றறிக்கை விடலாமே என்பது என் தாழ்மையான யோசனை. வரைவு தயார்:

'1. நோயாளிகள் தங்கள் வலியை வேலை நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 5 மணிக்குள், மேற்படி இரு சாவிதாரர்களும் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் அனுபவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

2. பத்துக்குப் பத்து வலி உடையோர் மூன்று பிரதிகளில், உரிய வழியில் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசு மூலம் பெறப்படும் விண்ணப்பங்கள் இறப்புச் சான்றுடன் இணைக்கப்பட வேண்டும்.

3. ஆய்வுக்குழு வரும் நாட்களில் கதறல் தவிர்க்கப்பட வேண்டும்.

4. பயிற்சி பெற்ற செவிலியர்கள் மேற்படி பயிற்சியைப் பணியிடத்தில் பயன்படுத்தியது கண்டறியப்பட்டால் விளக்கம் கோரப்படும்.'

நாலாவது விதியை நான் கற்பனையில் எழுதவில்லை. அந்த நர்ஸ் திரும்பி வந்த இரண்டாவது மாதம், ஆஸ்பத்திரிக்கு மார்ஃபின் மாத்திரை வாங்க அங்கீகாரம் கேட்கலாம் என்று ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. நேரடியாக மேலிடத்துக்கு எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

'நர்ஸுக்கு அவ்வளவு அதிகாரமா?' என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் கிடக்கும் கேள்வி. உகாண்டாவைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடு. அங்கே ஆன் மெரிமன் என்ற மருத்துவர் 1993இல் ஆதரவு சிகிச்சைக்கென்று ஹாஸ்பிஸ் ஒன்றைத் தொடங்கினார். டாக்டர்கள் போதாது என்றதும் அந்த நாடு கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. ஒன்பது மாதம் ஆதரவு சிகிச்சை படித்த நர்ஸ் மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று 2004இல் விதியை மாற்றியது. பொடியைத் தண்ணீரில் கலந்த மார்ஃபின் பாட்டிலோடு நர்ஸ் கிராமத்துக்குப் போகிறார். ஒன்பது மாதப் படிப்பு, அதற்குப் பிறகு ஒரு அதிகாரம். நம்மிடம் ஒரு நாள் படிப்பு, அதற்குப் பிறகு ஒரு குழுப்படம்.

அவ்வளவு தூரம் வேண்டாம், வாளையாறு தாண்டினால் போதும். கேரளம் 2008இலேயே ஆதரவு சிகிச்சைக்கென்று மாநிலக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நர்ஸ் வீடுவீடாகப் போகிறார், கூடவே ஊர்க்காரர்கள் போகிறார்கள். இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டத்தில் ஆதரவு சிகிச்சை நர்ஸ்கள் வண்டியேறி வீட்டுக்கே போய்ப் புண் கட்டுகிறார்கள், படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் போடக் குடும்பத்துக்குச் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் பையில் மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

இந்தத் துறையையே உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் ஒரு நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். சாகிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால் டாக்டருக்குப் படி, அப்போதுதான் உன் பேச்சைக் கேட்பார்கள் என்று ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர் அவருக்கு யோசனை சொன்னார். முப்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1957இல் டாக்டராகி, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். நர்ஸாக இருந்தபோது பார்த்த அதே வலிதான், டாக்டரானதும் அது விஞ்ஞானமாகிவிட்டது. இன்றும் நம் வார்டில் நர்ஸ் சொன்னால் புலம்பல், டாக்டர் சொன்னால் குறிப்பு.

அதிகாரத்தை விடுங்கள், வேலையாவது நிலையா? 2015இல் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள் நிரந்தரம் கேட்டு எத்தனை ஆண்டுகள் சென்னைத் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று எல்லோரும் பார்த்தோம். கொரோனாவில் கை தட்டி, விளக்கேற்றி, பூத்தூவி வணங்கிய தேவதைகளில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31 கடைசி நாளானது. புத்தாண்டு வாழ்த்தாக வேலைநீக்கம். அடுத்த மாதம் தன் கட்டில் இருக்குமா என்று தெரியாத நோயாளிக்கு, அடுத்த மாதம் தன் வேலை இருக்குமா என்று தெரியாத நர்ஸ் நம்பிக்கை சொல்ல வேண்டும்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு சாவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்றார்கள். அற்புதமான தீர்ப்பு. அந்தக் கண்ணியத்தை நள்ளிரவு இரண்டு மணிக்குக் கொத்தனாரின் கட்டிலுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது? டெல்லியிலிருந்து நீதிபதி வர மாட்டார். நாற்பத்தாறு பேருக்கு ஒருவராக நிற்கும் அந்த நர்ஸ்தான் நடந்து போக வேண்டும், கையில் டைக்ளோஃபெனாக்கோடு.

அடுத்த முகாமுக்குப் பேனர் அடிக்கக் கொடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேனர் வேண்டாம். பொன்னாடை வேண்டாம். அந்தக் காசில் ஒரு நர்ஸை ஆறு வாரம் சம்பளத்தோடு அனுப்புங்கள். அவர் இடத்தில் ஆறு வாரத்துக்கு இன்னொருவரைப் போடுங்கள். திரும்பி வந்தவரை அதே வார்டில் விடுங்கள். அவர் வருவதற்குள் அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்து, மார்ஃபின் மாத்திரையை வாங்கி, இரவுக்கும் ஒரு சாவியை வார்டில் வையுங்கள். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் நடத்துவது பயிற்சி அல்ல, நாடகம்.

கோழிக்கோடு போய் வந்த அந்த நர்ஸின் சான்றிதழ் லேமினேட் செய்து வீட்டில் இருக்கிறது. விளக்கக் கடிதம் கொடுத்த மூன்றாவது வாரம் அவரை வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது தடுப்பூசிப் பிரிவில் இருக்கிறார்.